"கண்டறியப்படவில்லை" என்று மூன்று முறை வந்த ரிப்போர்ட்

மருந்து தொடங்கிய மூன்றாம் மாத ரிப்போர்ட்டில் "பிசிஆர்-ஏபிஎல் கண்டறியப்படவில்லை" என்று இருந்தது. ஆறாம் மாதமும் அதே வரி, ஒன்பதாம் மாதமும் அதே வரி. பதினோராம் மாதம் வெள்ளணு 24,000க்கு ஏறியது. அப்போதுதான் அந்த மூன்று டெஸ்ட்டும் எனக்கு இருந்த ரத்தப் புற்றுநோய் வகையைத் தேடவே இல்லை என்று தெரிந்தது. எட்டு மாதம் போயிற்று. தலா ₹6,500 வீதம் மூன்று டெஸ்ட், பிறகு தவறாகச் செய்யப்பட்ட இன்னொரு டெஸ்ட்டுக்கு ₹11,000, ஆக ₹30,500 வீண். எந்த ஆஸ்பத்திரி, எந்த லேப் என்பது இங்கே வேண்டாம். முதல் மாத்திரைக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. அந்தக் கேள்வியைச் சொல்லித்தர அன்றைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ஊரில் அம்மா அப்பாவிடம் "ரத்தத்தில் இன்ஃபெக்‌ஷன்" என்று சொல்லி வைத்திருந்த காலம் அது.

நோயின் பெயர் க்ரானிக் மைலாய்டு லுகீமியா, சுருக்கமாக சிஎம்எல். ரத்தப் புற்றுநோய்களில் காரணம் மிகத் துல்லியமாகத் தெரிந்தவற்றில் இது ஒன்று. 1960இல் பிலடெல்ஃபியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சின்னதாக ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். அதனால் அதற்கு பிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர். 1973இல் ஜேனட் ரௌலி, 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் ஒன்றுக்கொன்று துண்டு மாற்றிக்கொண்டதால் வந்த வினை இது என்று காட்டினார். 9இல் இருக்கும் ஏபிஎல்1 என்ற ஜீன் 22இல் இருக்கும் பிசிஆர் என்ற ஜீனோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுப்போட்ட ஜீன் ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதம் "பெருகு, பெருகு" என்று செல்லுக்கு ஓயாமல் உத்தரவு போடுகிறது. (தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை: ஜீனின் பெயரும் பிசிஆர், அதை அளக்கும் டெஸ்ட்டின் பெயரும் பிசிஆர். ஒலி வேறு, எழுத்து ஒன்று. அதனால் இங்கே டெஸ்ட்டை ஆர்டி-பிசிஆர் என்றே எழுதுகிறேன்.)

இனி வருவதுதான் என்னைக் கவிழ்த்த இடம். ஏபிஎல்1 ஜீன் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வெட்டுப்படுகிறது. பிசிஆர் ஜீன் அப்படி இல்லை, வெவ்வேறு இடத்தில் வெட்டுப்படலாம். 13ஆம் அல்லது 14ஆம் துண்டோடு ஒட்டினால் இ13ஏ2, இ14ஏ2 என்று சொல்வார்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் பி2ஏ2, பி3ஏ2 என்று இருக்கும். இரண்டும் பி210 என்ற புரதத்தைத் தருபவை. சிஎம்எல் நோயாளிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் இந்த வகைதான். முதல் துண்டோடு ஒட்டினால் இ1ஏ2, புரதம் பி190. நூறு சிஎம்எல் நோயாளிகளில் ஒருவருக்கு இருக்கலாம். இ19ஏ2 என்றால் பி230, அதுவும் அரிது. அளவு சொல்லும் வழக்கமான ஆர்டி-பிசிஆர் பி210ஐ மட்டும் தேடும்படி அமைந்தது. தேடும் ஒட்டைப் பல மடங்கு பெருக்கி எண்ணும் டெஸ்ட் அது. அதன் ஒரு முனை 13, 14ஆம் துண்டுகளின் பக்கத்தில் பிடித்துக்கொள்ளும். இ1ஏ2இல் அந்தத் துண்டுகளே கிடையாது, எனவே எதுவும் பெருகாது. மாட்டுத்தாவணியில் நின்று காத்திருப்பவர் கண்ணில், ஆரப்பாளையத்தில் இறங்கினவர் எப்படிப் படுவார்? அதற்காக அவர் மதுரைக்கே வரவில்லை என்று ஆகுமா? டெஸ்ட் ஒழுங்காக ஓடியதா என்று பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டு ஜீனான ஏபிஎல் நன்றாகப் பெருகியிருக்கும், ஆகவே ரிப்போர்ட்டில் குறை தெரியாது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும். பலன் மட்டும் பொய்.

எனக்கு இருந்தது இ1ஏ2. மூன்றாம் மாதம் வந்த பூஜ்யத்துக்கு எதிர்வீட்டுக்குக் கேசரி கொடுத்தேன். இன்றும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "என் டிரான்ஸ்கிரிப்ட் வகை எது?" அதாவது, என் ஒட்டு இ13ஏ2, இ14ஏ2, இ1ஏ2 என்பவற்றில் எது? மருந்து தொடங்குவதற்கு முன்பே, எல்லா வகையையும் ஒரே ஓட்டத்தில் பார்க்கும் க்வாலிடேட்டிவ் (அளவை இல்லை, ஒட்டு இருப்பதையும் அதன் வகையையும் சொல்லும்) ஆர்டி-பிசிஆர் செய்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் போதாது, வகையின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஃபிஷ் ரிப்போர்ட் மட்டும்தான். ஃபிஷ் டெஸ்ட்டில் ஒட்டு இருக்கிறதா என்று தெரியும், எந்த இடத்தில் ஒட்டியது என்று பொதுவாகத் தெரியாது. நோய் உறுதியாகிவிட்டது என்று மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். நோயை உறுதிசெய்ய அது போதும், பின்னால் பின்தொடர்ந்து அளக்கப் போதாது. இன்னொரு குறிப்பும் கையிலேயே இருந்தது: முதல் நாள் ரத்தப் பரிசோதனையில் மோனோசைட் என்ற வெள்ளணு வகை கூடுதலாக இருந்தது. பி190 வகையில் அப்படி வருவதுண்டு. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, நானும்தான். அது என்ன எண் என்றே அப்போது எனக்குத் தெரியாது.

வகை தெரிந்துகொள்வது டெஸ்ட்டுக்காக மட்டும் இல்லை, நோயின் போக்கையும் அது கொஞ்சம் சொல்கிறது. பி210க்குள்ளேயே இ14ஏ2 உள்ளவர்களுக்கு இ13ஏ2 உள்ளவர்களைவிட ஆர்டி-பிசிஆர் எண் விரைவாகவும் ஆழமாகவும் இறங்குவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் அதை வைத்து மருந்தை மாற்றும் அளவுக்கு வித்தியாசம் பெரிதில்லை. இ13ஏ2 என்று பார்த்துவிட்டுத் தூக்கம் கெட வேண்டாம். பி190 கதை வேறு. இந்த நோய்க்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு அது சரியாகப் பணிவதில்லை, நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டிய வகை.

முதல் நாளிலேயே செய்து முடிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவை கிடைக்காது. ஒன்று, மண்ணீரல் அளவு. நோயின் அபாயத்தைக் கணிக்க சோக்கல், எல்ட்ஸ் என்று இரண்டு மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வயது, பிளேட்லெட், ரத்தத்தில் பிளாஸ்ட் (முதிராத செல்) சதவீதம், இடது விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்ற நான்கும் வேண்டும். சோக்கலில் 0.8க்குக் கீழே குறைந்த அபாயம், 1.2க்கு மேலே அதிக அபாயம். மண்ணீரலை டாக்டர் கையால் அழுத்திப் பார்த்து அளக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் 17 செ.மீ., 18 செ.மீ. என்பது மண்ணீரலின் முழு நீளம். அதை அப்படியே கணக்கில் போட்டால் பலர் உள்ளதைவிட அதிக அபாயப் பட்டியலில் போய் நிற்பார்கள். வெள்ளணு லட்சத்தைத் தாண்டியதும் ஹைட்ராக்ஸியூரியா கொடுப்பது வழக்கம். அது உள்ளே போன சில நாளிலேயே எண்ணும் குறையும், மண்ணீரலும் சுருங்கும். எனக்கு 1,86,000 இருந்ததால் அன்றிரவே தொடங்கினார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் தொடங்குவதற்கு முன் அளவை ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். எழுதவில்லை. என் சோக்கல் மதிப்பெண் என்ன என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

இரண்டாவது, எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துச் செய்யும் கேரியோடைப். ஃபிஷ் டெஸ்ட், கேட்ட இடத்துக்கு மட்டும் பதில் சொல்லும். கேரியோடைப்பில் எல்லாக் குரோமோசோமும் தெரியும். பிரியும் நிலையில் உள்ள 20 செல்களையாவது எண்ண வேண்டும். உயிருள்ள செல் தேவை என்பதால் மாதிரி ஹெப்பாரின் இருக்கும் பச்சை மூடிக் குழாயில் போக வேண்டும். ஆர்டி-பிசிஆருக்கு இடிடிஏ இருக்கும் ஊதா மூடி. குழாய் மாறினால் டெஸ்ட் பாழ், மறுபடியும் ஊசி. இடுப்பெலும்பில் ஊசி வாங்கியவர்களுக்குத் தெரியும், அந்த "மறுபடியும்" எப்படிப்பட்ட சொல் என்று. நர்ஸ் குழாயை எடுக்கும்போதே மூடியின் நிறத்தைப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேரியோடைப்பில் பிலடெல்ஃபியாவோடு கூட வேறு மாற்றங்கள் வந்தால் எவை பயப்பட வேண்டியவை? 8ஆம் குரோமோசோம் கூடுதலாக ஒன்று, இரண்டாவதாக ஒரு பிலடெல்ஃபியா, 17இன் நீண்ட கை இரட்டித்த ஐசோ-17க்யூ, 19ஆவது கூடுதலாக ஒன்று ஆகியவை நோய் முற்றும் பாதையில் அடிக்கடி தெரிபவை. 3ஆம் குரோமோசோமின் 3க்யூ26 பகுதியில் மாற்றம், 7ஆவது குறைவது, ஒரே செல்லில் பல மாற்றங்கள் ஆகியவையும் அதிக அபாயக் கணக்குதான். இவை முதல் நாளிலேயே இருந்தால் டாக்டர் மருந்துத் தேர்வையும் கண்காணிப்பையும் வேறு விதமாகத் திட்டமிடுவார். நடுவழியில் புதிதாக முளைத்தால், ரத்த எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் மருந்து தோற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். மறுபக்கம், வீணாகப் பயமுறுத்தும் வரிகளும் ரிப்போர்ட்டில் வரும். 9, 22ஓடு மூன்றாவதாக இன்னொரு குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்ட "வேரியன்ட்" வகை, இந்த மாத்திரைகள் வந்த பிறகு தனி ஆபத்தாகக் கருதப்படுவதில்லை. ஆண்களுக்கு ஒய் குரோமோசோம் சில செல்களில் காணாமல் போவதும் அந்த அதிக அபாயப் பட்டியலில் கிடையாது.

இனி அளவீடு. பி210 உள்ளவர்களுக்கு எண்கள் சர்வதேச அளவுகோலில் வர வேண்டும். ரிப்போர்ட்டில் ஐஎஸ் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு லேபின் 0.5ஐயும் இன்னொரு லேபின் 0.5ஐயும் ஒப்பிடவே முடியாது. ஐரோப்பிய லுகீமியா நெட்வொர்க்கின் 2020 வழிகாட்டுதல் சொல்லும் படிகள் இவை: மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் 1 சதவீதத்துக்குள், பன்னிரண்டாம் மாதம் 0.1 சதவீதத்துக்குள். இந்த 0.1ஐத்தான் டாக்டர்கள் எம்எம்ஆர் என்பார்கள். ஆறாம் மாதம் 10க்கு மேல், ஓராண்டில் 1க்கு மேல் என்றால் மருந்து தோற்றுவிட்டது. நடுவில் இருந்தால் எச்சரிக்கை. ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்க மாட்டார்கள், மறுபடி பார்ப்பார்கள். இந்த டெஸ்ட்டில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் சகஜம். 0.02 என்பது 0.04 ஆனதற்கு அழ வேண்டியதில்லை. அதற்காகவே கடைசிவரை ஒரே லேபில் செய்யுங்கள்.

பூஜ்யம் வந்தால் அடுத்து பார்க்க வேண்டிய வரி ஏபிஎல் காப்பி எண்ணிக்கை. மாதிரியில் எவ்வளவு சரக்கு இருந்தது என்பதை அது சொல்கிறது. குறைந்தது 10,000 இருக்க வேண்டும். 0.0032 சதவீதம் வரை இறங்கிவிட்டது, அதாவது எம்ஆர் 4.5, என்று சொல்ல 32,000 வேண்டும். 3,000 காப்பியை வைத்துக்கொண்டு "கண்டறியப்படவில்லை" என்று எழுதினால் சரியாகத் தேடவில்லை என்றுதான் பொருள். ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்த ரத்தம் ஞாயிறெல்லாம் கூரியரில் கிடந்து திங்கள் மத்தியானம் லேபுக்குப் போனால் காப்பி எண்ணிக்கை விழும். வாரத்தின் முதல் நாட்களில் காலையில் கொடுப்பதும், "இன்றே கிளம்புமா?" என்று ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது. காப்பி எண்ணிக்கை ரிப்போர்ட்டிலேயே இல்லையென்றால் லேபுக்கு ஃபோன் போட்டுக் கேட்கலாம். கொடுப்பார்கள்.

வெள்ளணு ஏறியபோது நான் வேறு ஊருக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே முதலில் கேட்டது ஜீனைப் பற்றி இல்லை, மாத்திரைப் பட்டையைப் பற்றி. சரியான வரிசை அதுதான். எண் ஏறினால் பாதிக் காரணம் மருந்துப் பெட்டியிலேயே இருக்கும். லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் மாத்திரைப் புட்டியின் மூடியில் சிப் வைத்து அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாத்திரையில் 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் 94.5 சதவீதம் பேர் ஆறாண்டில் எம்எம்ஆரைத் தொட்டார்கள், அதற்குக் கீழே எடுத்தவர்களில் 28.4 சதவீதம்தான். 90 சதவீதம் என்றால் மாதத்துக்கு மூன்று நாள் தவறுவது. ஒரு கல்யாணம், ஒரு ஊர்ப் பயணம், ஸ்டாக் இல்லாத ஒரு நாள், கணக்கு முடிந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவை இமாட்டினிபின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். இமாட்டினிபைச் சாப்பாட்டோடு பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்க வேண்டும். இதே நோய்க்கான நிலோட்டினிபுக்கு வெறும் வயிறு: முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம். டசாட்டினிப் எடுப்பவர்கள் ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற "கேஸ் மாத்திரை"களைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. அமிலம் குறைந்தால் மருந்து உடம்பில் சேராது. மெடிக்கல் ஷாப்பில் எந்த மாத்திரையோடும் ஒரு கேஸ் மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் நம் ஊர்ப் பழக்கத்தில் இது பெரிய ஓட்டை.

மாத்திரை ஒழுங்காகத்தான் போயிருக்கிறது என்று உறுதியான பிறகு ஃபிஷ் மறுபடி எடுத்தார்கள். 70 சதவீதச் செல்களில் ஒட்டு அப்படியே இருந்தது. பூஜ்யமும் எழுபதும் ஒரே உடம்பில் எப்படி இருக்கும் என்று அந்த டாக்டர் வகை பார்க்கச் சொன்னார். அப்போதுதான் இ1ஏ2 வெளியே வந்தது. முதலில் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு நிம்மதி. மருந்து ஏன் கைவிட்டது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டதே என்று. கோபம் பஸ்ஸில் திரும்பும்போது வந்தது.

அடுத்தது கைனேஸ் டொமைன் மியூட்டேஷன் டெஸ்ட். மாத்திரை போய் உட்காரும் பள்ளம் ஏபிஎல் புரதத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஓர் எழுத்து மாறினாலும் மாத்திரை வழுக்கிவிடும். எந்த எழுத்து என்பதைப் பொறுத்து அடுத்த மருந்து மாறும். டி315ஐ என்ற மாற்றம் வந்தால் இமாட்டினிப், டசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் நான்கும் வேலைக்கு ஆகாது, பொனாட்டினிப் அல்லது அசிமினிப் வேண்டும். ஒய்253எச், இ255கே, இ255வி, எஃப்359வி வந்தால் நிலோட்டினிபைத் தவிர்க்க வேண்டும். எஃப்317எல், வி299எல் வந்தால் டசாட்டினிபைத் தவிர்க்க வேண்டும். இந்த டெஸ்ட் செய்யாமல் "அடுத்த மாத்திரைக்கு மாறிப் பார்ப்போம்" என்பது இருட்டில் கல் எறிவது. நல்ல நிலையில் இருப்பவர் இதை எடுக்க வேண்டியதில்லை. எண் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் பெருக்கச் சரக்கு பெரும்பாலும் போதாது. இந்த டெஸ்ட்டின் பழைய வகையான சாங்கர் முறை, மாறிய செல்கள் 15 முதல் 20 சதவீதமாவது இருந்தால்தான் பிடிக்கும். புதிய வகையான என்ஜிஎஸ் முறை 3 சதவீதம் வரை இறங்கிப் பிடிக்கும், விலை கூட. பழைய மருந்தை நிறுத்துவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிட வேண்டும். மருந்தின் அழுத்தம் விலகினால் மாறிய செல்கள் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

இங்கேயும் ஒரு முறை விழுந்தேன். மியூட்டேஷன் டெஸ்ட்டிலும் முதல் படி, பிசிஆர்-ஏபிஎல் ஒட்டை மட்டும் தனியாகப் பெருக்குவதுதான். லேபுக்கு அனுப்பிய படிவத்தில் வகையை எழுதவில்லை. பி210க்கான முனைகளை வைத்துச் செய்தார்கள். "பெருக்கம் இல்லை, மாதிரி போதவில்லை" என்று பதினெட்டு நாள் கழித்து வந்தது. ₹11,000 திரும்ப வரவில்லை. படிவத்தில் "இ1ஏ2" என்று எழுதி இரண்டாம் முறை அனுப்பியதும் எஃப்359வி என்று விடை வந்தது. நிலோட்டினிபுக்கு மாறும் வாய்ப்பு போயிற்று, டசாட்டினிப் 100 மில்லிகிராம் தொடங்கியது.

மற்ற ஜீன்களையும் பார்க்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏஎஸ்எக்ஸ்எல்1 மாற்றம் ஆரம்பத்திலேயே சிலருக்கு இருக்கிறது, அவர்களுக்கு மருந்து எடுபடுவது சுமாராக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ரன்எக்ஸ்1, ஐகேஇசட்எஃப்1 போன்றவை நோய் முற்றிய பிளாஸ்ட் கட்டத்தில் கூடுதலாகத் தெரிபவை. என் கருத்து: மருந்து நன்றாக வேலை செய்கிறவர் இந்தப் பெரிய பேனல் டெஸ்ட்டுக்குக் கடன் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆர்டி-பிசிஆர் தவறாமல் எடுக்கலாம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், இமாட்டினிபுக்காக நோவார்ட்டிஸ் கம்பெனி வைத்த காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. நம் நாட்டில் இமாட்டினிப் ஜெனரிக் விலையில் தொடர்ந்து கிடைப்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். மாத்திரை மலிவானதும், மாத்திரையைவிட டெஸ்ட் விலை கூடுதலாகத் தெரியத் தொடங்கிவிட்டது. டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் பலர் இந்தக் கணக்கில்தான் தள்ளுகிறார்கள்.

ஜீன் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் வரும் கலவரம் தனி. கடைசியில் ஊரில் விஷயம் தெரிந்தபோது அம்மா முதலில் கேட்டது, "தங்கச்சிக்கு வரன் பார்க்கும்போது சொல்லணுமாடா?" என்றுதான். இது பரம்பரை நோய் இல்லை. பிறந்த பிறகு, எலும்பு மஜ்ஜையின் ஒரே ஒரு தாய் செல்லில் நடந்த விபத்து. விந்திலோ கருமுட்டையிலோ இது கிடையாது, பெற்றோரிடமிருந்து வரவில்லை, பிள்ளைக்கும் போகாது. உடன்பிறந்தவர்களுக்கு இதற்காக டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று பேச்சு வந்தால் மட்டும் எச்எல்ஏ என்ற திசுப் பொருத்தம் பார்ப்பார்கள். முழுப் பொருத்தத்துக்கு ஓர் உடன்பிறப்புக்கு நாலில் ஒரு வாய்ப்பு.

பி190க்கு சர்வதேச அளவுகோல் கிடையாது, அந்தந்த லேபின் விகிதம்தான். அதனால் லேப் மாற்றினால் என் பழைய எண்கள் எல்லாம் செல்லாக்காசு. டசாட்டினிப் தொடங்கியபோது 38, மூன்று மாதத்தில் 2.1, ஆறாம் மாதம் 0.3. மூச்சு வாங்கினால் மருந்தின் பக்கவிளைவாக நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், இதுவரை இல்லை. எம்ஆர் 4 (0.01 சதவீதத்துக்குள்) நிலையில் இரண்டு மூன்று ஆண்டு நின்றவர்கள் டாக்டரின் கண்காணிப்பில் மருந்தையே நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அதற்காக மாதாமாதம் டெஸ்ட். அந்த விதிகள் ஐஎஸ் அளவுகோலில் அளக்க முடிந்த பி210 வகைக்காக எழுதப்பட்டவை, எனக்கு அந்தக் கதவு இப்போதைக்கு இல்லை. அடுத்த ரத்தம் ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. படிவத்தை முன்கூட்டியே வாங்கி வைத்து, மேலே சிவப்பு மையில் இ1ஏ2 என்று எழுதியாயிற்று.